மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பங்குத்தந்தையின் முதல் 12 வாரங்கள்: முழுமையான வழிகாட்டி

மூட்டு மாற்றி வீடு திரும்பும் குடும்பஸ்தருக்கு "உட்காருங்க, நான் எடுத்துத் தாறேன்" என்று சொல்ல மனைவியோ மகளோ இருப்பார்கள். பங்குத்தந்தைக்கு வீட்டில் அப்படி யாரும் இல்லை. பகலெல்லாம் பங்கே கூடி நிற்கும். இரவு 2 மணிக்குக் கழிப்பறைக்கு எழும்போது ஒருவரும் இருக்கமாட்டார். போதாததற்கு நம் குருக்களுக்கு "முடியாது" என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே அறுவை நன்றாக முடிந்த மூட்டுகூட வீட்டுக்கு வந்தபின் கெட்டுப்போக இடமுண்டு. இந்த வழிகாட்டி குமரி மாவட்ட அருட்தந்தையர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, சமையல் செய்பவர், பங்குப் பேரவையினருக்கும் எழுதப்பட்டது. இங்கே பேசுவது முழங்கால் மூட்டை முழுதாக மாற்றும் அறுவை பற்றி மட்டும். துளை வழியே செய்யும் சிறிய சிகிச்சைக்கு இவ்வளவு காலம் ஆகாது. உங்கள் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நாள் குறிக்கும் முன்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் இடவப்பாதி, பிறகு ஐப்பசி கார்த்திகை மழை. இந்த மாதங்களில் பங்கு இல்லத்து வராந்தாவும் கோயில் முற்றமும் ஈரம் காயாமல் கிடக்கும். வாக்கரோடு நடப்பவருக்கு அது ஆபத்து. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடிந்து, கிறிஸ்துமஸ், புத்தாண்டும் கழிந்தபின் ஜனவரி இரண்டாம் வாரம் அறுவை செய்துகொண்டால் பெரும்பாலான ஆண்டுகளில் புனித வாரத்துக்குப் பத்து வாரமாவது கிடைக்கும். உங்கள் பங்குத் திருவிழா அந்த இடைவெளியில் வந்தால் அறுவையின் தேதியை மாற்றுங்கள். கொடியேற்றத்துக்கு முன் மூன்று மாதம் இல்லையென்றால் அறுவையைத் திருவிழாவுக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது.

ஆயருக்கு ஒரு கடிதம் முன்கூட்டியே போகவேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்கட்டும்: யார் பதிலுக்கு வருவார், எத்தனை வாரம், மக்கள் முன்னிலையில் அமர்ந்து திருப்பலி நிறைவேற்ற அனுமதி. திருச்சபைச் சட்டம் 930, நிற்க முடியாத நோயுற்ற குரு அமர்ந்து திருப்பலி நிறைவேற்றலாம் என்கிறது. ஆனால் மக்களோடு சேர்ந்து என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். அறையில் தனியே நிறைவேற்ற அந்த அனுமதி தேவையில்லை. இது கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் போன்ற இலத்தீன் ரீதிக்கு உரிய சட்டம். தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை குருக்களுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அவர்கள் தங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பள்ளித் தாளாளராகவும் இருந்தால் சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் யார் கையெழுத்திடுவார் என்பதை எழுத்தில் முடித்துவிடுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகவே கூடாது.

உடம்பைப் பொறுத்தவரை மூன்றைச் சரிசெய்யவேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். வராவிட்டால் புண் ஆறாது, கிருமி தொற்றும். சொத்தைப் பல் இருந்தால் முன்பே சரிசெய்துவிடவேண்டும். மூன்றாவது, பலர் கவனிக்காதது: கால். பீடத்தில் செருப்பின்றி நிற்பவர்களுக்குப் பித்தவெடிப்பும் விரலிடுக்குப் புண்ணும் சகஜம். கிருமி அந்த வெடிப்பு வழியாக உள்ளே போய் இரத்தத்தோடு புதிய மூட்டுக்குச் சேரலாம். ஒரு மாதம் முன்பே தோல் மருத்துவரிடம் காட்டி ஆற்றிவிடுங்கள்.

அறை

நம் பங்கு இல்லங்கள் பலவற்றில் அலுவலகம் கீழே, படுக்கை மாடியில். கட்டிலைக் கீழே இறக்குங்கள். பார்வையாளர் அறையே கிடைத்தாலும் பரவாயில்லை, கழிப்பறை பக்கத்தில் இருந்தால் போதும்.

நாற்காலியின் உட்காரும் உயரம் 18 முதல் 20 அங்குலம், கைப்பிடி கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் போகும், வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறையே தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் 4 அங்குல உயர்த்தி மருந்துக்கடைகளில் கிடைக்கும். சுவரில் பிடிகம்பி போடும்போது துணி உலர்த்தும் கம்பியைப் போட்டு ஏமாறவேண்டாம். அது ஆள் எடை தாங்காது. தரை விரிப்புகள், வாசல் சாக்கு, ஒயர்கள் எல்லாம் போகட்டும். குளியலறையில் ரப்பர் விரிப்பு ஒன்று மட்டும்.

வாக்கரின் உயரத்தை இப்படிப் பாருங்கள்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். நான்கு கால்களிலும் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த புஷ், ஈரமான டைல்ஸ்: விழுவதற்கு இவ்வளவு போதும்.

முதல் 14 இரவும் அடுத்த அறையில் ஒருவர் படுக்கவேண்டும். பங்கின் பகுதிக் குழுக்களான அன்பியங்கள் முறைவைத்து ஆள் அனுப்பலாம். கையெட்டும் தூரத்தில் பீடச் சிறுவர்கள் அடிக்கும் சிறு மணி ஒன்று இருக்கட்டும். செல்போனில் அழைத்து எழுப்புவதைவிட அது வேகம்.

முதல் இரண்டு வாரத்தின் ஒரு நாள்

காலை விழித்ததும் எழக்கூடாது. படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் 20 தடவை ஆட்டவேண்டும். கெண்டைச்சதை அழுந்தி இரத்தத்தை மேலே தள்ளும்; அதனால்தான் இரத்தம் உறைவது குறைகிறது. பகலில் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதைச் செய்யவேண்டும். நினைவில் வைக்க எளிய வழி: குருக்கள் தினமும் சொல்லும் கட்டளை ஜெபத்தில் ஒவ்வொரு சங்கீதம் முடிந்து "தந்தைக்கும் மகனுக்கும்" சொல்லும்போது பாதத்தை ஆட்டத் தொடங்குங்கள். பிறகு கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். தலைசுற்றல் இல்லையென்றால் எழலாம்.

வலி மாத்திரையை ஏதாவது சாப்பிட்டபின் போட்டு, 45 நிமிடம் கழித்துப் பயிற்சி. வலி வந்தபின் மாத்திரை தேடுவது தவறு; வலியோடு காலை மடக்கப் பார்த்தால் தசை இறுகி மடங்காது.

பயிற்சிகள் நான்கு.

1. முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி, தொடைச்சதையை இறுக்கி 5 நொடி நிறுத்துங்கள். 10 தடவை.
2. குதிகாலைக் கட்டிலில் உரசியபடி உடலை நோக்கி இழுங்கள். காலுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டினால் குதிகால் எளிதாக நகரும். 10 தடவை.
3. காலை நேராக வைத்து அரை அடி உயர்த்தி 5 நொடி. முடியாவிட்டால் முதல் வாரம் விட்டுவிடலாம்.
4. நாற்காலியில் அமர்ந்து, நல்ல காலால் அறுவை செய்த காலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி மடக்குங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டாம் வார முடிவில் 90 பாகை மடங்கினால் நல்ல முன்னேற்றம். மூன்றாம் மாதம் 110 முதல் 120 வரை எதிர்பார்க்கலாம்.

எல்லோரும் மடக்குவதையே பார்க்கிறார்கள், நீட்டுவதை மறக்கிறார்கள். பீடத்தில் நிற்கும் ஒருவருக்கு நீட்டுவதுதான் பெரிது. முழங்கால் முழுதும் நேராகாமல் சற்றே வளைந்து நின்றால் தொடைத்தசை ஓய்வே இல்லாமல் உழைக்கும். அரைமணி நேரத் திருப்பலியிலேயே கால் நடுங்கும். ஆகவே மூட்டுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு வளைந்தபடியே இறுகிவிடும். அன்பாய் வந்து தலையணை வைக்கும் சகோதரிகளிடம் இதைச் சொல்லிவிடவேண்டும். ஒரு துவர்த்தை (துண்டை) சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், மூட்டு அந்தரத்தில் தொங்கி மெல்ல நேராகட்டும். ஆரம்பத்தில் 5 நிமிடம், பிறகு 15.

ஐஸ் வைக்க ஒரு செபமாலை நேரம். ஐம்பத்து மூன்று மணி செபத்தை நிதானமாகச் சொல்லி முடிக்க 15 முதல் 20 நிமிடம் ஆகும், அதே அளவுதான் வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. நல்ல பாலித்தீன் பையில் போட்டு, துவர்த்தில் சுற்றி வைக்கவேண்டும். கடற்கரைப் பங்குகளில் மீனுக்குப் போடும் ஐஸ் எளிதாகக் கிடைக்கும் என்று வாங்கி வருவார்கள். பை ஓட்டையானால் அந்தத் தண்ணீர் கட்டுக்குள் இறங்கும். வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் போதும்.

தையலோ கிளிப்போ ஏறத்தாழ 14ஆம் நாள் எடுப்பார்கள். அதுவரை கட்டை நனைக்கவேண்டாம். குழித்துறை ஆற்றிலும் கடலிலும் குளிப்பது புண் முழுதும் மூடி, மருத்துவர் சரி என்று சொன்னபின்தான்.

அறையில் திருப்பலி, பிறகு கோயிலில்

முதல் இரண்டு வாரம் அறையிலேயே ஒரு மேசை, நல்ல நாற்காலி. காலை நீட்டி வைக்க மேசைக்கு அடியில் குறுக்குக்கட்டை இல்லாததாகப் பாருங்கள். டிரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரை எடுக்கும் நாட்களில் திராட்சை இரசத்தைச் சில துளி அளவுக்குக் குறைத்துக்கொண்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரைக்காக ஏதாவது சாப்பிடவேண்டியிருந்தால் மனம் கலங்கவேண்டாம். நோயுற்றோருக்கு நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் கட்டாயமில்லை என்று சட்டம் 919 சொல்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் நாளில் "தண்ணீர்கூட வேண்டாம்" என்றால் அது மருத்துவக் கட்டளை, அதில் சலுகை கேட்காதீர்கள்.

மூன்றாம் நான்காம் வாரத்தில், மருத்துவர் சம்மதித்தால், வாரநாள் திருப்பலியில் இருந்து தொடங்கலாம். ஞாயிறு பெருந்திருப்பலியோடு தொடங்கவே கூடாது.

சாதாரண நாற்காலியைப் பீடத்துக்குப் பின்னால் போட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பீடம் மூன்றடிக்குமேல் இருக்கும். 18 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தால் பீடத்தின் மேற்பரப்பு நெஞ்சுக்கு வரும். திருப்பலிப் புத்தகம் எட்டாது, கிண்ணத்தை உயர்த்தும்போது தோள் வலிக்கும், மக்களுக்கு ஃபாதரின் தலைமட்டும் தெரியும். 26 அங்குல உயரமுள்ள, முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள நாற்காலியை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். கூடவே 8 அங்குல உயரத்தில் கால்மணை ஒன்று. கால்மணை இல்லாவிட்டால் கால் தொங்கி, திருப்பலி முடியும்போது பாதம் வீங்கி நிற்கும். சக்கர நாற்காலிபோல் உருளும் எதுவும் பீடத்தில் வேண்டாம்.

முழந்தாளிடுவது பற்றி. திருப்பலியில் குரு மூன்று முறை முழந்தாளிடவேண்டும்: அப்பத்தை உயர்த்தியபின், கிண்ணத்தை உயர்த்தியபின், நற்கருணை உட்கொள்ளுமுன். விதிப்படி வலது முழங்கால் தரையில் படவேண்டும். அறுவை வலது மூட்டில் என்றால் எடை நேராகத் தழும்பில் விழும். இடது மூட்டில் என்றால் உடலைத் திரும்பத் தூக்குவது அந்த இடது கால்தான். இரண்டில் எதுவானாலும் இப்போது ஆகாது. நல்லவேளையாக, 1969இல் இந்தியத் திருச்சபைக்குக் கிடைத்த 12 தழுவல்களில் ஒன்று, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம் என்பது. ஆகவே இதை நோயாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைத்துக் கூசவேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகு மருத்துவர் அனுமதித்தால் மெத்தையில் முழந்தாளிட்டுப் பார்க்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பது இயல்பு. அந்த இடத்தில் அழுத்தம் விழுவது பலருக்கு நீண்டகாலம் விரும்பத்தகாததாகவே இருக்கும்.

பீடப் படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், கைத்தடியும் கூடவே. கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். பலர் அதே பக்கம் பிடித்து உடலைச் சாய்த்து நடந்து இடுப்பு வலியை வரவழைக்கிறார்கள். பிடிகம்பி இல்லாத படியில் ஒரு பெரிய ஆள் பக்கத்தில் நிற்கட்டும். பீடச் சிறுவன் தோளைப் பிடிப்பது போதாது. நீங்கள் சரிந்தால் இருவரும் விழுவீர்கள்.

அங்கியைக் கவனியுங்கள். தரை தொடும் அங்கியின் ஓரம் வாக்கரின் முன்கால் அடியில் மாட்டும். நான்கு அங்குலம் மேலே தூக்கித் தைத்துக்கொள்ளுங்கள், வெள்ளை அங்கியையும் அப்படியே. தோள்துகிலின் தொங்கலை இடுப்புக்கயிற்றில் செருகிவிடலாம்.

கிண்ணத்தையும் தட்டையும் நீங்கள் எடுத்து நடக்காதீர்கள், பீடப்பணியாளர் கொண்டு வைக்கட்டும். நின்றபடி இரண்டு கையாலும் உயர்த்துவதானால் கால்களை ஒரு சாண் அகற்றி, தொடை பீடத்தில் உரசும்படி நில்லுங்கள். தூபம் எந்தத் திருப்பலியிலும் கட்டாயமில்லை, விட்டுவிடலாம். நற்கருணை வழங்குவதை அருட்சகோதரிகளும் பணியாளர்களும் செய்யட்டும். ஒரே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நிற்பதுபோல் வீக்கத்தைக் கூட்டுவது வேறொன்றில்லை. கிளைப்பங்குகளின் இரண்டாம், மூன்றாம் திருப்பலி ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள்

இதுதான் உண்மையில் கடினம். வீடு திரும்பிய மறுநாளே பழமும் ஹார்லிக்ஸும் கையுமாக வரிசை தொடங்கும். ஒவ்வொருவருக்காகவும் எழுந்து நிற்கப் பார்ப்பீர்கள், காலைத் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் பேசுவீர்கள். மாலைக்குள் மூட்டு பறங்கிக்காயாக வீங்கும்; அன்றைய பயிற்சி போச்சு. பங்குப் பேரவை இதைத் தன் பொறுப்பாக எடுக்கவேண்டும்: ஞாயிறு அறிவிப்பில் மாலை 4.30 முதல் 5.30 வரை மட்டும் என்று வாசித்து, வாசலில் ஒருவர் அமர்ந்து, காய்ச்சல் சளி உள்ளவர்களை அன்போடு திருப்பி அனுப்பவேண்டும். ஃபாதரே சொல்லட்டும் என்று விடாதீர்கள். அவரால் முடியாது.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அமரும்போது 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடக்கவேண்டும். பெட்டிக்குள் காலை நீட்ட இடமிருக்காது என்பதால் வெளியே நாற்காலி போட்டு, திரையோடு கூடிய கிராதி ஒன்றை நடுவில் வைக்கலாம்.

சாப்பாடும் எண்ணெயும்

"மீன் தின்றால் சீழ் பிடிக்கும்" என்று சொல்லிச் சமையற்காரர் இரண்டு வாரம் வெறும் கஞ்சி ஊற்றுவதுண்டு. அது சரியல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். சாளை, அயிலை, நெத்திலி எதுவானாலும் குழம்பாகத் தினமும் கொடுக்கலாம். பொரித்துக் கொடுப்பதைக் குறைக்கவும். முட்டை, பயறு, மோர் சேரட்டும். சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் நல்ல இரவு உணவு. சர்க்கரை உள்ளவருக்கு மரச்சீனிக்கிழங்கு ஒரு சிறு கிண்ணத்தோடு நிற்கட்டும். வலி மாத்திரை மலச்சிக்கலைத் தரும். தண்ணீர், கீரை, மட்டிப்பழம் முதல் நாளிலிருந்தே. தவக்காலமாக இருந்தாலும் நோயாளிக்கு உபவாசம் கட்டாயமில்லை.

மருந்துக்கடையில் "ஒரு வலி ஊசி" என்று கேட்டு வாங்கிப் போடவேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மருந்து எடுத்திருப்பீர்கள். அதோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

வர்மம் பிறந்த மண் இது. நல்ல ஆசான்கள் இருக்கிறார்கள், எண்ணெய் கொண்டுவந்து தடவ அன்போடு முன்வருவார்கள். ஆனால் புண்ணில் எண்ணெய் படவே கூடாது. கெண்டைச்சதையை அழுத்தித் தடவுவது இன்னும் ஆபத்து: உள்ளே உறைந்த இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும்.

வெளியே போகும்போது

ஆறாம் வாரத்துக்குள் பெரும்பாலோர் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்துவிடுவார்கள். காரில் ஏற: முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் பின்புறத்தை வைத்து அமர்ந்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். பைக், ஸ்கூட்டர் மூன்று மாதம் வேண்டாம். ஓட்டுவது முடிந்தாலும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஏற்ற இறக்கத்தில் நிறுத்திக் கால் ஊன்றும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து.

கடற்கரையில் மணலில் கைத்தடி புதையும். படகு மந்திரிக்கவோ குருசடி (சிறு சிலுவைக் கோயில்) செபத்துக்கோ அழைத்தால் சிமெண்டுத் தரை இருக்கும் இடம்வரை மட்டும் போங்கள். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றலாம், கல்லறைத் தோட்டத்துக்குத் துணைக்குரு போகட்டும். குழிமேடும் புல்லும் அங்கே காலை வாரிவிடும். நோயில் பூசுதலுக்குப் போகும் வீட்டில் தாழ்ந்த முக்காலிதான் தருவார்கள், எனவே காரில் ஒரு மடக்கு நாற்காலி எப்போதும் இருக்கட்டும்.

உடனே மருத்துவமனை

கெண்டைச்சதையில் புதிய வலி, வீக்கம், சூடு. திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. புண்ணில் நீர் அல்லது சீழ், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, குளிரோடு காய்ச்சல். விழுந்தபின் காலை ஊன்றவே முடியாமை. இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மாலையில் கூடி, கால் உயர்த்திப் படுத்தால் காலையில் குறையும் வீக்கமும், சில வாரத்து இரவு வலியும் இயல்பானவை.

புனித வாரம்

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பன்னிருவரும் அமரும் பெஞ்சை இரண்டடி உயர மேடைமேல் போட்டுவிட்டால், குரு தாழ்வான நாற்காலி தேடாமல் 18 அங்குல நாற்காலியிலேயே அமர்ந்து கழுவலாம். ஒவ்வொருவருக்கும் நாற்காலியை நகர்த்தாமல், அவர்கள் ஒவ்வொருவராக வந்து எதிரில் அமர்வது இன்னும் எளிது. சிந்தும் தண்ணீரை உடனே துடைக்க ஒருவர் துணியோடு நிற்கவேண்டும். பெரிய வெள்ளியன்று தொடக்கத்தில் குரு முகங்குப்புற விழுவதோ முழந்தாளிடுவதோ வழக்கம். கோயில் முழுவதும் முழந்தாளிட்டு அமைதியாகும் அந்த நேரத்தில் நீங்கள் பீடத்தின் முன் கைத்தடியோடு நின்று தாழ்ந்து வணங்குங்கள். பாஸ்கா நெருப்பை முற்றத்தில் மூட்டும் இரவில் வெளிச்சம் இருக்காது. நெருப்பிலிருந்து கோயில் வாசல்வரை உள்ள படிகளின் விளிம்பில் முந்தின நாளே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைக்கக் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.